7 சதவீதம் என்று சொல்லி 12 சதவீதத்துக்கு நீட்டப்பட்ட வாகனக் கடன்

குடும்பத்துக்காகப் புதிய எஸ்யூவி வாங்கும் எண்ணத்தில், விற்பனையகத்திலேயே கடனும் பெற்றுக்கொள்ளலாம் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வண்டியில் எந்தக் குறையும் இல்லை. எங்களை ஏமாற்றப் பார்த்தது, வண்டியைக் காட்டிய அதே கூரையின் கீழ் இயங்கிய கடன் பிரிவு. விற்பனையகத்தின் பெயரையும் நிதி நிறுவனத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை. இதே உத்தியைப் பல இடங்களில் கையாளுகிறார்கள் என்பதால், பெயரைவிடக் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பதே உங்களுக்குப் பயன்படும். எளிதாகப் புரிவதற்காக எல்லாத் தொகைகளையும் 10 லட்சம் கடனுக்கு உரியவையாக மாற்றித் தருகிறேன். விகிதங்கள் எங்களிடம் சொல்லப்பட்டவையே.

"வட்டி வெறும் 7 சதவீதம்தான் மேடம், வங்கிக்குப் போனால் 9 கேட்பார்கள்" என்றுதான் கடன் பிரிவு அலுவலரின் பேச்சு தொடங்கியது. கேட்பவர் எவரும் 7-ஐத்தான் தேர்ந்தெடுப்பார். ஆனால் அந்த 7 ஃப்ளாட் ரேட், வங்கியின் 9 நிலுவைத் தொகைக்கு மட்டும் போடப்படும் வட்டி என்பதை அவர் சொல்லவில்லை. ஃப்ளாட் முறையில், நாம் மாதந்தோறும் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி கணக்கிடப்படுகிறது. 10 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 70,000. ஐந்து ஆண்டுகளுக்கு மூன்றரை லட்சம். மாதத் தவணை 22,500. அதே 10 லட்சத்தை வங்கியில் 9 சதவீதத்துக்கு, நிலுவை குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில், அதே ஐந்து ஆண்டுகளுக்கு வாங்கினால் தவணை 20,758தான்; மொத்த வட்டி ஏறத்தாழ 2,45,500. ஆக, 7 என்று சொன்னவர் 9 என்று சொன்னவரைவிட ஒரு லட்சத்துக்கும் மேல் கூடுதலாகக் கேட்டிருக்கிறார். 22,500 தவணையை வங்கிகளின் முறைக்கு மாற்றிப் பார்த்தால் உண்மையான வட்டி சுமார் 12.5 சதவீதம் வருகிறது.

இந்தக் கணக்கை என் கணவர் அங்கேயே கைபேசியில் போட்டுக் காட்டியபோது அந்த அலுவலர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. "வட்டியை விடுங்கள் சார், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று பேச்சைத் திருப்பி, நான்கு கட்டங்கள் போட்ட ஒரு தாளை எங்கள் முன் வைத்தார். வண்டியின் விலை, எங்கள் பழைய காருக்கு அவர்கள் தரும் மதிப்பு, முன்பணம், மாதத் தவணை ஆகியவை அந்த நான்கு கட்டங்களில் இருந்தன. நாங்கள் எந்தக் கட்டத்தைப் பற்றிக் கேட்டாலும் அவருடைய பேனா தவணைக் கட்டத்தையே திரும்பத் திரும்ப வட்டமிட்டது. தவணை அதிகம் என்று நாங்கள் சொன்னதும், ஒரு வார்த்தையும் பேசாமல் அதை 19,000-க்குக் கீழே இறக்கி எழுதினார். எப்படி இறங்கியது என்பதற்கான விடை அந்தத் தாளின் மூலையில், எங்கள் பக்கத்திலிருந்து தலைகீழாகத் தெரிந்த ஒரு சிறிய எண்ணில் இருந்தது: 60 மாதங்கள் 84 ஆகியிருந்தன. இதைச் சலுகை என்று அழைக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

அடுத்து ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டோம். கையெழுத்து போடும் நாளில் தருவதுதான் வழக்கம் என்றார்கள். நகல் இல்லாமல் மேற்கொண்டு பேசப்போவதில்லை என்று சொன்ன பிறகே அது வெளியே வந்தது. நாங்கள் கேட்ட கடன் 10 லட்சம், அதில் அசல் என்று அச்சாகியிருந்ததோ 10,68,000. நீட்டிக்கப்பட்ட வாரன்டி, பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு, கடன் பெறுபவருக்கான காப்பீடு ஆகிய மூன்றையும், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அசலிலேயே சேர்த்திருந்தார்கள். இவற்றில் எது தேவை, எது தேவையில்லை என்பது வேறு விவாதம். கடனுக்குள் போய்விட்ட எந்தப் பொருளுக்கும் வட்டி சேர்த்தே விலை கொடுக்கிறோம் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஏழு ஆண்டுகளுக்கு அந்த 68,000 ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. ஒப்பந்தத்தின்படி 18,944 வீதம் 84 தவணைகளையும் கட்டி முடித்திருந்தால் எங்கள் கையிலிருந்து போயிருக்கக்கூடியது ஏறத்தாழ 15,91,300. வங்கிக் கடனில் அது 12,45,500.

ஏழு ஆண்டுக் கடனில் வட்டியைத் தவிர இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. புதிய வண்டியின் சந்தை மதிப்பு முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாகச் சரியும். நீண்ட காலக் கடனில் அசல் குறைவதோ அந்த ஆண்டுகளில்தான் மிக மெதுவாக நடக்கும். இடையில் வண்டி விபத்தில் முற்றிலும் சேதமடைந்தாலோ திருட்டுப் போனாலோ, காப்பீட்டு நிறுவனம் வழக்கமாகத் தருவது வண்டியின் அன்றைய மதிப்பை மட்டுமே என்பதால், கையில் வண்டி இல்லாமலேயே மீதிக் கடனைக் கட்டிக்கொண்டிருக்க நேரலாம்.

நாங்கள் எழுந்துகொள்ளப் பார்த்ததும் 'பூஜ்ய வட்டி' திட்டம் ஒன்று திடீரென்று முளைத்தது. மூன்று ஆண்டுகள், வட்டியே கிடையாது. ரொக்கமாக வாங்கினால் கிடைக்கவிருந்த 80,000 தள்ளுபடி இந்தத் திட்டத்தில் உண்டா என்று கேட்டோம். இல்லை என்றார்கள். 9,20,000-க்குக் கிடைக்கும் வண்டிக்கு மூன்று ஆண்டுகளில் 10 லட்சம் கட்டுவது, சுமார் ஐந்தரை சதவீத வட்டிக்குக் கடன் வாங்குவதற்குச் சமம். நேர்மையாகச் சொன்னால், அவர்கள் முன்வைத்தவற்றில் இது ஒன்றுதான் வங்கியைவிட மலிவானது. ஆனால் மாதம் 27,778 கட்ட எங்கள் வரவுசெலவு இடம்கொடுக்கவில்லை. வட்டியே இல்லை என்று சொல்லாமல் தள்ளுபடிதான் வட்டி என்று சொல்லியிருந்தால் எனக்குப் புகார் இருந்திருக்காது.

இப்படிப்பட்ட மேசையின் முன் உட்காரும்போது வட்டி எத்தனை சதவீதம் என்ற கேள்வி எதற்கும் உதவாது. கட்டணங்கள் அனைத்தும் உட்பட முதல் தவணையிலிருந்து கடைசித் தவணை வரை நான் கட்டப்போகும் மொத்தத் தொகை எவ்வளவு, ஒவ்வொரு மாதத் தவணையிலும் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று காட்டும் அட்டவணை எங்கே என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கடனை ஒரேயடியாக அடைத்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்; ஃப்ளாட் முறைக் கடன்களில் முன்கூட்டியே அடைப்பதால் மிச்சமாகும் வட்டி, நாம் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. கடைசித் தவணை மட்டும் பெரிய தொகையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். தவணையைச் சிறியதாகக் காட்ட அதுவும் ஒரு வழி. வண்டியின் விலையும் பழைய காரின் மதிப்பும் எழுத்தில் முடிவாகும் வரை கடன் பேச்சையே எடுக்காமல் இருப்பது நல்லது. முடிந்தால் வங்கியில் கடன் ஒப்புதலைப் பெற்றுக்கொண்டு போங்கள். எங்கள் பேரம் திசைமாறியதே வங்கியின் ஒப்புதல் கடிதத்தை எடுத்து வைத்த பிறகுதான்.

இறுதியில் வங்கிக் கடனிலேயே அதே வண்டியை வேறொரு விற்பனையகத்தில் வாங்கினோம். முதல் இடத்தில் கட்டியிருந்த முன்பதிவுத் தொகையை "எப்போது வேண்டுமானாலும் முழுதாகத் திருப்பித் தருவோம்" என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். ரசீதின் பின்புறத்திலோ ரத்துக் கட்டணம் உண்டு என்று பொடி எழுத்தில் இருந்தது. எழுத்துமூலம் புகார் கொடுத்த பிறகு, ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினார்கள். பிடித்தம் எதற்கு என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. இதைவிட எரிச்சலூட்டியது இன்னொன்று: நாங்கள் எந்தக் கடன் விண்ணப்பத்திலும் கையெழுத்திடாதபோதும், அடையாளச் சான்றுக்காக வாங்கிய எங்கள் ஆவணங்களை ஒன்றுக்கு மேற்பட்ட நிதி நிறுவனங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் கடன் வரலாற்று அறிக்கையில் அவை தனித்தனிக் கடன் விசாரணைகளாகப் பதிவாகியிருக்கின்றன. நீங்கள் ஆவண நகல் கொடுக்க நேர்ந்தால், எந்த நிறுவனத்துக்காக, எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள் என்பதை ஒவ்வொரு நகலின் குறுக்கிலும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.