குத்தகை அலுவலகத்துக் கோப்புகள்: கூகுளா, ஷேர்பாயிண்டா, சொந்த சர்வரா?

கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடைவீட்டு மாடியில் நடக்கும் சின்னக் கட்டுமானக் குத்தகை (கான்ட்ராக்ட்) நிறுவனங்களில், புரொஜெக்ட் கோப்புகள் எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் ஓர் ஆளின் பெயரைத்தான் சொல்வார்கள். ட்ராயிங் எல்லாம் இன்னாரிடம், டெலிவரி ஆர்டர் எல்லாம் கணக்கு பார்ப்பவரிடம், சைட் படங்கள் சூப்பர்வைசர் கைப்பேசியில். அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் என்ன மிஞ்சும்? கூகுள் டிரைவ், மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்ட், சொந்த சர்வர் என்ற மூன்று வழிகளையும் நான் முதலில் இந்தக் கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன். விலையும் இட அளவும் அப்புறம்.

வருமான வரிச் சட்டமும் நிறுவனச் சட்டமும் கணக்குப் பதிவுகளை 7 ஆண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. அதைவிட நெருக்குவது சிப்பா, கட்டுமானத் துறைப் பாக்கிகளுக்கான 2012-ஆம் ஆண்டுச் சட்டம். துணைக் குத்தகையாளர் அதன்படி பாக்கி கேட்டுக் கோரிக்கை அனுப்பினால் 10 வேலை நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும். கூடுதல் வேலைக்கு யார் உத்தரவு கொடுத்தார், எந்தத் தேதி, எந்த ட்ராயிங் என்று தேடி எடுக்க அவ்வளவுதான் அவகாசம். வாட்சாப் குழுவை மேலே தள்ளித் தள்ளித் தேடுவதை ஒரு வழியாகவே நான் கணக்கில் சேர்க்கவில்லை.

கூகுள் டிரைவில் இரண்டு இடங்கள் உண்டு. ‘மை டிரைவ்’ தனி ஆளுடையது. எத்தனை பேருக்குப் பகிர்ந்தாலும் கோப்பு அவர் பெயரில்தான் இருக்கும். இலவசக் கணக்கு என்றால் மின்னஞ்சல், படங்கள் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான். எனக்குத் தெரிந்த ஓர் ஏர்கான் நிறுவனத்தில், குழாயை இடம் மாற்றச் சொன்ன கடிதமும் படங்களும் சூப்பர்வைசரின் சொந்த ஜிமெயிலில் கிடந்தன. அவர் சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போய்விட்டார். க்ளைம் போடும் நேரத்தில் அவரைத் தேடிப் பிடித்துக் கெஞ்ச வேண்டியதாயிற்று.

‘ஷேர்டு டிரைவ்’ அப்படியில்லை. அதில் போடும் கோப்பு நிறுவனத்தின் சொத்து. ஆள் போனாலும் அங்கேயே இருக்கும். காசு கட்டும் அலுவலகக் கணக்குக்குத்தான் கிடைக்கும் என்றாலும் அந்தக் காசு தகும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது ‘காண்ட்ரிபியூட்டர்’ என்ற அனுமதி. சைட்டில் இருப்பவர் படம் ஏற்றலாம், திருத்தலாம், அழிக்க முடியாது. கைப்பேசியில் இருந்தே வேலை முடிவதால் ஃபோர்மனுக்கும் சொல்லிக் கொடுப்பது சுலபம்.

ட்ராயிங் விஷயத்தில்தான் கூகுள் சறுக்குகிறது. ஆட்டோகேட் போன்ற கோப்புகளின் பழைய பதிப்புகளை 30 நாளுக்கு மேல், அல்லது 100 பதிப்புகளுக்கு மேல், அது தானாக வைத்திருக்காது. வேண்டியதை நாமே குறித்து வைக்க வேண்டும். சண்டையோ ஒரு வருடம் கழித்துத்தான் வரும். ஷேர்பாயிண்ட் வழக்கமான அமைப்பில் 500 பதிப்புகள் வரை வைத்திருக்கிறது. ஒருவர் ட்ராயிங்கைத் திருத்தும்போது மற்றவர் கை வைக்காதபடி ‘செக் அவுட்’ செய்து பூட்டலாம். அழித்த கோப்பு 93 நாள் வரை குப்பைத் தொட்டியில் இருக்கும்.

ஆனால் ஒன்டிரைவையும் ஷேர்பாயிண்டையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். ஒன்டிரைவும் மைக்ரோசாஃப்டுடையதுதான், ஆனால் தனி ஆளுடையது. அவர் கணக்கை நீக்கினால், அமைப்பை மாற்றாத வரை, 30 நாளில் உள்ளிருப்பவை அழிக்கப்படும். புரொஜெக்ட் கோப்புகள் ஷேர்பாயிண்ட் தளத்திலோ டீம்ஸ் சேனலிலோ இருக்க வேண்டும். நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு: டெண்டரில் வரும் ‘சடாங்கான் மெம்பினா டான் மெனியாப்கான்…’ (கட்டி முடிக்கும் திட்டம்…) என்ற நீண்ட மலாய்த் தலைப்பை அப்படியே கோப்புறைக்குப் பெயராக ஒட்டிவிடுகிறார்கள். ஷேர்பாயிண்டில் கோப்புறைப் பெயர்களும் கோப்பின் பெயரும் சேர்ந்த முழுப் பாதையும் 400 எழுத்துக்குள் அடங்க வேண்டும். கோப்புறைக்குள் கோப்புறை போகப் போக ஒரு நாள் கோப்பு ஏறாமல் நின்றுவிடும். புரொஜெக்ட் எண்ணும் இடத்தின் பெயரும் போதும்.

சொந்த சர்வர், அதாவது சைனாலஜி மாதிரி டிஸ்க் பெட்டி, பெரிய ட்ராயிங்குகளை அலுவலகத்துக்குள் வேகமாகத் திறக்கும். மாதச் சந்தாவும் இல்லை. இரண்டு டிஸ்க் இருந்தால் பத்திரம் என்பது மட்டும் தப்பு. ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது காப்பாற்றும். தவறி அழித்தாலோ, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தாலோ இரண்டிலும் சேர்ந்தே போகும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைப் பார்த்த பிறகும் ஒரே பெட்டியைக் கீழ்த்தளத்தில் வைத்து நம்பியிருக்க முடியுமா?

பத்துப் பேர் வரை உள்ள, கொட்டேஷனும் படங்களுமே அதிகம் புழங்கும் நிறுவனத்துக்கு ஷேர்டு டிரைவ் என்பேன். ட்ராயிங்கில் ஓயாமல் திருத்தம் வருகிறது, எக்செலில்தான் பி.கியூ. (வேலை அளவுப் பட்டியல்) ஓடுகிறது என்றால் ஷேர்பாயிண்ட். ஆனால் அனுமதிகளை முதலிலேயே ஒழுங்காகப் போட்டுத் தர விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும். பெட்டியை இரண்டாவது பிரதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதைத் தேர்ந்தாலும் தொழிலாளர்களின் பாஸ்போர்ட் நகல்களைத் தனிக் கோப்புறையில் பூட்டி வையுங்கள். 2025 ஜூன் 1 முதல், கடுமையான பாதிப்பு தரக்கூடிய தகவல் கசிவை 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவித்தாக வேண்டும்.