சியாவா, சப்ஜாவா, ஆளி விதையா?

எங்கள் வீட்டு அலமாரியில் மூன்று கண்ணாடிப் புட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சியா வாங்கி வந்த அன்று அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது சர்பத்துல போடுற சப்ஜாதானேடா? இதுக்கா இவ்வளவு காசு?" என்றார். சப்ஜா இல்லை என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு காசுக்குத் தகுமா என்பதற்குப் பதில் தேடியதில்தான் சப்ஜா, ஆளி விதை (ஃப்ளாக்ஸ்) என்ற மற்ற இரண்டு புட்டிகளும் வந்து சேர்ந்தன.

முதலில் குழப்பத்தைத் தீர்ப்போம். சப்ஜா என்பது திருநீற்றுப்பச்சிலையின் விதை. இலங்கையில் இதைத்தான் கசகசா என்பார்கள்; இங்கே குருமாவுக்கு அரைக்கிற கசகசா வேறு. சியாவும் சப்ஜாவும் புதினா குடும்பத்துச் செடிகள் என்பதால் ஒன்றுவிட்ட உறவு உண்டு. ஆனால் சப்ஜா முழுக் கறுப்பு. சியாவில் சாம்பல், பழுப்பு, வெள்ளை எல்லாம் கலந்து, உற்றுப் பார்த்தால் மேலே கோலம் போட்டதுபோல இருக்கும். சந்தேகம் என்றால் ஒரு தம்ளர் தண்ணீரில் போடுங்கள். சில நிமிடங்களிலேயே ஒவ்வொரு விதையும் தனித்தனி முத்தாக உப்பினால் சப்ஜா. அரை மணி நேரம் காத்திருந்த பிறகு மொத்தமும் கொழகொழவென்று கூழாகச் சேர்ந்தால் சியா.

சியா மெக்சிகோ, குவாத்தமாலா மண்ணுக்குச் சொந்தம். அந்தக் காலத்தில் மெக்சிகோவை ஆண்ட ஆஸ்டெக் அரசுக்கு ஊர்கள் கட்டிய கப்பத்தில் மக்காச்சோளம், பீன்ஸோடு சியாவும் இருந்ததை மெண்டோசா ஏடு என்ற 16-ம் நூற்றாண்டுச் சித்திர நூல் காட்டுகிறது. 1980-களில் அமெரிக்கர்களுக்குச் சியா என்றால் மண்பொம்மையின் தலையில் பச்சை முடியாக முளைக்கிற விதை, அவ்வளவுதான். இன்று மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் கர்நாடகத்திலேயே விளைகிறது. ஆகவே 'வெளிநாட்டுச் சரக்கு' என்று ஒதுக்கவும் முடியாது.

இனி சத்துக்கணக்கு. 'பாலைவிட ஐந்து மடங்கு கால்சியம்' என்று சியா பொட்டலங்களில் போடுகிறார்கள். எடைக்கு எடை பார்த்தால் பொய்யில்லை: 100 கிராம் சியாவில் சுமார் 630 மி.கி., பாலில் சுமார் 120. ஆனால் சியாவை யார் 100 கிராம் சாப்பிடுகிறார்கள்? இரண்டு மேசைக்கரண்டி, ஏறக்குறைய 25 கிராம், அதுவே அதிகம். அதில் கிடைப்பது 160 மி.கி. ஒரு தம்ளர் பால் 200 மி.லி. என்றால் 240 மி.கி. கால்சியம்தான் தேவை என்றால் கேழ்வரகுக் களி தின்னலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. இருக்கிறது, அதை நாம் உண்மையிலேயே 100 கிராம் அளவில் சாப்பிடுகிறோம். தோல் நீக்காத எள்ளில் 100 கிராமுக்கு 975 மி.கி. வரை இருக்கிறது. அந்தத் தோலில் உள்ள ஆக்ஸலேட் என்ற பொருள் கால்சியத்தில் கொஞ்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புரதமும் இதே கதைதான். 25 கிராம் சியாவில் 4 கிராம். ஒரு முட்டையில் 6.

சியா நிஜமாகவே ஜெயிக்கிற இடம் நார்ச்சத்து. 100 கிராமுக்கு 34 கிராம். இரண்டு கரண்டியில் எட்டரை கிராம் வந்துவிடும். ஒரு நாளைக்கு 30 கிராம் அளவு நார்ச்சத்து வேண்டும் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. வெள்ளைச் சோறும் மைதா பரோட்டாவுமாக ஓடுகிற வயிற்றுக்கு இது பெரிய உதவி. ஆளி விதையில் 27 கிராம், கொஞ்சம்தான் பின்தங்குகிறது. சப்ஜாவிலும் நார்ச்சத்து மிகுதிதான். ஆனால் ஒரு டம்ளர் நன்னாரி சர்பத்தில் ஒரு தேக்கரண்டி போடுவோம்; அந்த ஐந்து கிராமுக்கு என்ன பெரிய கணக்கு? கூடவே மூன்று கரண்டி சர்க்கரை இறங்குவதைத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அடுத்து ஒமேகா-3 என்ற கொழுப்பு. விளம்பரம் அதிகம் விளையாடுவது இங்கேதான். சியாவில் 100 கிராமுக்கு 17.8 கிராம், ஆளி விதையில் 22.8 கிராம். இரண்டிலும் இருப்பது ஏ.எல்.ஏ. என்ற தாவர வகை. மீனில் இருப்பது இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ.; இதயமும் மூளையும் நேராகப் பயன்படுத்துவது இவற்றை. ஏ.எல்.ஏ.வை உடம்பு இவையாக மாற்றிக்கொள்ளும், ஆனால் மிகவும் கஞ்சத்தனமாக. பெரும்பாலோருக்கு இ.பி.ஏ. ஆவது நூற்றில் பத்துக்கும் கீழே, டி.ஹெச்.ஏ. ஆவது அதைவிடச் சொற்பம். 'சால்மன் மீனைவிட எத்தனையோ மடங்கு' என்ற ஒப்பீடு எனவே பெயரளவில்தான் ஒப்பீடு. மீன் சாப்பிடுகிறவர்கள் வாரம் இரண்டு நாள் மத்தி வாங்கினால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். சைவர்களுக்குத்தான் சியாவா ஆளியா என்ற கேள்வி நிற்கிறது.

ஆளி விதையை முழுதாக விழுங்கினால் செரிக்காமல் அப்படியே வெளியே போய்விடும், பொடிக்க வேண்டும். 'சியாவுக்கு அந்தத் தொல்லை இல்லை' என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். 2012-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் உடல் எடை கூடிய பெண்களுக்கு 10 வாரம் தினமும் 25 கிராம் சியா கொடுத்தார்கள். பொடித்த சியா சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் ஏ.எல்.ஏ. 58 சதவீதம் கூடியது. முழு விதை சாப்பிட்டவர்களுக்குச் சொல்லும்படி கூடவில்லை. ஆக ஒமேகா-3க்காக என்றால் மிக்ஸி இரண்டுக்கும் வேண்டும். அப்படியென்றால் விலை குறைந்த ஆளி விதையே எனக்குப் போதும்.

ஆளிக்கு இன்னொரு பலமும் உண்டு. கனடாவில் கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ள 110 பேரிடம் நடந்த, 2013-ல் வெளியான ஆய்வில், தினமும் 30 கிராம் ஆளிப்பொடி ஆறு மாதம் சாப்பிட்டவர்களின் மேல் ரத்த அழுத்தம் மற்றவர்களைவிடச் சுமார் 10 புள்ளி குறைந்திருந்தது. இதைப் படித்துவிட்டு பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

எடை குறைப்பு விஷயத்தில் சியாவுக்கு ஆதரவாகவும் எதிராகவும் சாட்சி இருக்கிறது. 2009-ல் தினம் 50 கிராம் வீதம் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், எடை அசையவில்லை. 2017-ல் வந்த ஆய்வில், குறைந்த கலோரி உணவோடு சியா சேர்த்த சர்க்கரை நோயாளிகளுக்கு ஆறு மாதத்தில் 1.9 கிலோ குறைந்தது, மற்றவர்களுக்கு 0.3 கிலோ. ஆறு மாதம் பத்தியம் இருந்து கிடைத்த வித்தியாசம் ஒன்றரை கிலோ. 100 கிராம் சியாவில் 486 கலோரி இருக்கிறது என்பதை 'ஸ்லிம்' வீடியோக்காரர்கள் சொல்வதில்லை.

ஆளியின் குறை, அதன் எண்ணெய் சீக்கிரம் காற்றோடு சேர்ந்து கெடுவது. தச்சர்கள் மரத்துக்குப் பூசுகிற லின்சீட் ஆயில் இதே விதையின் எண்ணெய்தான். காற்றுப்பட்டு இறுகுகிற குணத்துக்காகவே பூசுகிறார்கள். பொடித்துப் பல நாள் வெளியே வைத்தால் சிக்கு வாடை வரும். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடித்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். தனியாகச் சாப்பிட வாசனை பிடிக்காது. மகாராஷ்டிரத்தில் வறுத்து, மிளகாய் பூண்டோடு ஜவஸ் சட்னி ஆக்குவார்கள். நான் இட்லிப் பொடியில் எள்ளோடு பாதிக்குப் பாதி சேர்க்கிறேன். சியாவுக்கோ வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. தயிரில் ஊறவைத்தால் வீட்டுப் பிள்ளைகள் கண்டுகொள்வதே இல்லை. விலையைத் தாண்டி நான் சியாவை வைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

சியாவை உலர்ந்தபடி மட்டும் வாயில் போடாதீர்கள். தன் எடையைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் தண்ணீர் குடிக்கும் விதை இது. உலர்ந்த சியாவை ஒரு கரண்டி விழுங்கித் தண்ணீர் குடித்த 39 வயதுக்காரருக்கு, அது உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்துக்கொண்டதை 2014-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு மாநாட்டில் விவரித்தார்கள். விழுங்கச் சிரமம் உள்ள பெரியவர்களுக்கு ஊறவைத்தும் யோசித்தே கொடுங்கள். மூன்றுமே மாத்திரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தலாம், இடைவெளி விடுங்கள். முதல் வாரம் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். நான் முதல் நாளே மூன்று மேசைக்கரண்டி போட்டு, அன்று முழுதும் வயிறு உப்பிப்போய் ஆபீஸில் உட்கார முடியாமல் தவித்தேன். அம்மா அதற்கும் ஒரு ஓமத் தண்ணீர் வைத்துக்கொடுத்தார்.