சின்ன எஞ்சினுக்கு டர்போ: கார்புரேட்டர் முன்னாலா, பின்னாலா?

பழைய மினி என்ற குட்டி பிரிட்டிஷ் காரின் 1275 சிசி எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். நாலு சிலிண்டர், இரும்பு பிளாக், பெட்ரோலைக் காற்றோடு கலக்க ஒரே ஒரு எஸ்யூ கார்புரேட்டர். இதற்கு டர்போ, அதாவது எக்ஸாஸ்ட் புகையின் விசையில் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி, மாட்டலாம் என்று பேச்சு எடுத்தாலே "எத்தனை குதிரை ஏறும்?" என்றுதான் கேட்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் கேள்வி வேறு. பெட்ரோல் காற்றோடு எங்கே சேரப்போகிறது? டர்போவுக்கு முன்னால், டர்போவுக்குப் பின்னால், அல்லது பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வைத்து வால்வின் வாசலில். இதை முடிவு செய்துவிட்டால் பம்ப், சீல், இன்டர்கூலர் (அழுத்தியதில் சூடான காற்றை ஆற்றும் ரேடியேட்டர்), தலைவலி எல்லாம் தானாக முடிவாகிவிடும்.

முதலில் உறிஞ்சும் முறை, அதாவது டிரா-த்ரூ. கார்புரேட்டர் முன்னால், டர்போ பின்னால். டர்போ, கலவையை அப்படியே உறிஞ்சி எஞ்சினுக்குள் தள்ளும். 1962இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த இரண்டு டர்போ கார்களும் இந்த வழியில்தான் போயின. செவர்லே கோர்வேர் மோன்சா ஸ்பைடரில் கம்ப்ரஷன் ரேஷியோவை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது என்ற விகிதம்) 8:1க்கு இறக்கினார்கள். மிஞ்சும் எக்ஸாஸ்டைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் கிடையாது, எக்ஸாஸ்டின் நெருக்கடியே பூஸ்டுக்கு, அதாவது டர்போ ஏற்றும் கூடுதல் அழுத்தத்துக்கு, கடிவாளம். ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் 10.25:1ஐ அப்படியே வைத்துக்கொண்டு, நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வராமலிருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளித்தார்கள். அந்தத் தொட்டியை நிரப்ப ஓட்டுநர்கள் மறந்தார்கள். பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டவேண்டி வந்தது.

இந்த முறையின் அழகு அதன் எளிமை. கார்புரேட்டருக்குப் பூஸ்ட் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. பழைய பம்ப் போதும், கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் மிதவை அறையைத் தொடவேண்டாம், ஊசியும் ஜெட்டும் மாற்றினால் வேலை நடக்கும். ஆனால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று வழியின் கதவான த்ராட்டில் மூடிக்கொள்ள, டர்போவின் கம்ப்ரஸர் பக்கம் வெற்றிடம் உண்டாகி, பேரிங்கின் ஆயிலை உள்ளே இழுக்கும். புகை கிளம்பும். அதைத் தடுக்க கார்பன் சீல் வைத்த டர்போ வேண்டும். பழைய கார்களிலிருந்து கழற்றிக் கிடைக்கும் டர்போக்களில் பெரும்பாலானவற்றில் அது இருக்காது. குளிரில் ஸ்டார்ட் செய்தால் நீண்ட குழாயின் சுவரெல்லாம் பெட்ரோல் படிந்து எஞ்சின் இருமும்.

எல்லாவற்றுக்கும் மேல், இன்டர்கூலர் வைக்க முடியாது. வைத்தால் பெட்ரோல் அதற்குள் தேங்கும். தீ இன்டேக் பக்கம் திரும்பிப் பாயும் பேக்ஃபயர் ஒன்று வந்தால் அது வெடிகுண்டுதான்.

இன்டர்கூலர் அவ்வளவு முக்கியமா? கணக்கைப் பாருங்கள். 20 டிகிரி காற்றை 0.5 பார் பூஸ்டுக்கு அழுத்தினால், கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ 70 டிகிரியில் வெளியே வரும். அழுத்தம் ஒன்றரை மடங்கு ஆனாலும் சூட்டில் காற்று விரிந்துவிடுவதால் எஞ்சினுக்குக் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 28 சதவீதக் காற்றுதான். அதையே இன்டர்கூலரில் 40 டிகிரிக்கு ஆற்றினால் 40 சதவீதம் கிடைக்கும். டிரா-த்ரூவில் பெட்ரோல் ஆவியாகும்போது கொஞ்சம் குளிர்ச்சி கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் இந்த இடைவெளியை அது முழுதாக அடைக்காது.

அடுத்தது ஊதும் முறை, ப்ளோ-த்ரூ. டர்போ முன்னால், கார்புரேட்டர் பின்னால். அழுத்திய காற்று கார்புரேட்டர் வழியாகப் போகிறது. 1980இன் லோட்டஸ் எஸ்ப்ரிட் டர்போ, 1985இன் ரெனோ 5 ஜிடி டர்போ இரண்டும் இந்த வகை. நம் எஞ்சினுக்கே இதைச் செய்து காட்டியது 1982இல் வந்த எம்ஜி மெட்ரோ டர்போ. அதே 1275 சிசி, காரெட் டி3 டர்போ, எஸ்யூ கார்புரேட்டர், 93 குதிரைத்திறன், சோடியம் நிரப்பிய எக்ஸாஸ்ட் வால்வுகள். பின்னாளில் ஈஆர்ஏ மினி டர்போவுக்குள் போனதும் இந்த எஞ்சின்தான். புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை, தொழிற்சாலையே வழி போட்டு வைத்திருக்கிறது.

இதில் ஆயில் சீல் தொல்லை இல்லை, இன்டர்கூலரும் வைக்கலாம். ஆனால் கார்புரேட்டருக்குள்ளேயே அழுத்தம் இருப்பதால் பெட்ரோல் உள்ளே போக அதைவிட அதிக அழுத்தம் வேண்டும். பூஸ்ட் ஏற ஏற பெட்ரோல் அழுத்தமும் கூடவே ஏறவேண்டும். சாதாரணமாக 0.25 பார் என்றால், 0.5 பார் பூஸ்டில் 0.75 பார். மெக்கானிக்கல் பம்ப் இதற்கு ஆகாது. நல்ல மின்சார பம்பும், பூஸ்ட் குழாய் இணைத்த ரெகுலேட்டரும் வேண்டும். மிதவை அறைக்கும் அதே பூஸ்ட் போகவேண்டும், த்ராட்டில் தண்டின் இரு முனைகளிலும் பெட்ரோல் கசியாதபடி சீல் வேண்டும். இதில் நான் பயப்படுவது ஒரு சின்ன ரப்பர் குழாய்க்குத்தான். ரெகுலேட்டருக்குப் போகும் அந்தக் குழாய் முழு மிதியில் கழன்றால் பெட்ரோல் அழுத்தம் ஏறாது, கலவை வறண்டுவிடும், பிஸ்டன் உருக அதிக நேரம் ஆகாது. இரண்டு பக்கமும் கிளிப் போடுங்கள்.

சரி, இந்த வம்பெல்லாம் எதற்கு, இன்ஜெக்‌ஷனே வைத்துவிடலாமே? பொதுவாகச் சரியான பதில்தான். எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூ, கிராங்கின் நிலையைக் காட்ட 36-1 பல் சக்கரம் (36 பல்லில் ஒன்று இல்லாதது), எக்ஸாஸ்டிலிருந்து கலவையை அளக்கும் வைட்பேண்ட் லாம்ப்டா சென்சார் இருந்தால் ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் கலவையைத் தனித்தனியே தீட்டலாம். காலையில் சாவி திருப்பினால் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்டேக் வாசல் உள்ள எஞ்சின் என்றால் நான் வேறு எதையும் யோசிக்கமாட்டேன்.

மினி எஞ்சின் அப்படி இல்லை. 1, 2 சிலிண்டர்களுக்கு ஒரே வாசல், 3, 4க்கு ஒரே வாசல். பற்றும் வரிசை 1-3-4-2. இதனால் ஒவ்வொரு ஜோடியிலும் உள்பக்க சிலிண்டர் (2 அல்லது 3) முதலில் உறிஞ்சும், வெளிப்பக்கம் உடனே பின்தொடரும், அப்புறம் கிராங்க் ஏறத்தாழ 360 டிகிரி சுற்றும்வரை வாசல் சும்மா இருக்கும். அந்த ஓய்வில் வாசலில் தேங்கும் பெட்ரோலை அடுத்து வரும் உள்பக்க சிலிண்டரே அள்ளிக்கொள்ளும். பந்தியில் முதலில் உட்கார்ந்தவனுக்கு எல்லாம், அடுத்தவனுக்கு வெறும் இலை. லாம்ப்டா சென்சார் காட்டுவதோ சராசரி. எல்லாம் சரி என்று அது சொல்லிக்கொண்டிருக்க வெளிப்பக்க பிஸ்டன்கள் வெந்துகொண்டிருக்கும். தீர்வு இல்லாமல் இல்லை. 1996இல் ரோவரே இரண்டு இன்ஜெக்டர் வைத்து, தெளிக்கும் நேரத்தைப் பிரித்துக் கொடுத்தது. ஆனால் பூஸ்டோடு அதைச் சரிசெய்ய, எந்த சிலிண்டர் உறிஞ்சுகிறது என்று காட்டும் கேம் சென்சாரும் அந்தக் கணக்குத் தெரிந்த ஈசியூவும் நிறையப் பொறுமையும் வேண்டும்.

எக்ஸாஸ்டுக்குப் பதில் எஞ்சினின் பெல்ட்டில் சுழன்று காற்றை அழுத்தும் சூப்பர்சார்ஜர் பக்கமும் ஒரு பார்வை. பிஎம்டபிள்யூ காலத்து மினி கூப்பர் எஸ்ஸின் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜரைப் பழைய மினியில் மாட்டுபவர்கள் உண்டு. மிதித்ததும் இழுவை வரும், காத்திருப்பு இல்லை. இந்த எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம் இருப்பதால், சிவக்கக் காய்ந்த டர்போ கார்புரேட்டருக்குப் பக்கத்தில் உட்காரவேண்டி வரும்; சூப்பர்சார்ஜரில் அந்தத் தொல்லையும் இல்லை. பதிலுக்கு, பெல்ட் வழியாக எஞ்சினின் சக்தியிலேயே பங்கு கேட்கும், காற்றையும் அதிகம் சூடாக்கும். வேறு நவீன எஞ்சினைத் தூக்கி வைப்பது எளிதில்லையா என்றால், எளிதுதான். அப்புறம் அது வேறு கார்.

எந்த வழியில் போனாலும் எஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம். பூஸ்ட் ஏறும்போது தீப்பொறி தாமதமாக வேண்டும். ஒரு பிஎஸ்ஐ (சுமார் 0.07 பார்) பூஸ்டுக்கு ஒரு டிகிரி என்பது பழைய தோராயக் கணக்கு. எடையும் ஸ்பிரிங்கும் வைத்து தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பூஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாது. கம்ப்ரஷனை ஒரேயடியாக இறக்கித் தப்பிக்கலாம் என்றால், 1973இன் பிஎம்டபிள்யூ 2002 டர்போ நினைவுக்கு வருகிறது. 6.9:1. பூஸ்ட் வரும்வரை சோம்பல், வந்ததும் முதுகில் ஒரு குத்து.

மினியில் கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில், ஆயில் தொட்டியான சம்ப்பிலேயே, அதே ஆயிலில் கிடக்கிறது. மெட்ரோ டர்போவின் பூஸ்டை அடக்கி வைத்ததற்குக் காரணமே அந்தக் கியர்பாக்ஸ்தான். எனவே 0.5 பாருக்கு மேல் போவது கியர் பற்களோடு சூதாட்டம். அந்த எல்லைக்குள் இன்ஜெக்‌ஷனின் பெரிய பலம் பயன்படாமலே போகிறது. என் தேர்வு: 0.4 பாரில் ப்ளோ-த்ரூ எஸ்யூ, சின்ன இன்டர்கூலர், மிச்சப்படும் செலவில் பூஸ்டை உணர்ந்து டைமிங் மாற்றும் மின்னணு இக்னிஷன். தினமும் ஓட்டும் காராக இருந்தால் மட்டும் இன்ஜெக்‌ஷனோடு மல்லுக்கட்டுவேன். டிரா-த்ரூ, 1962இன் வாசம் வேண்டும் என்பவர்களுக்கு.