நாக்நரே கல்மேடு, ஸ்லைகோ: மலை ஏறுங்கள், மேட்டின் மேல் ஏறாதீர்கள்

அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. நைட் டியூட்டி முடிந்து வெளியே வந்தால் நாக்நரே மலையும் அதன் உச்சியில் கொப்பரை கவிழ்த்த மாதிரி ஒரு கல்மேடும் தெரியும். போன ஞாயிறு, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவையும் அங்கே கூட்டிப்போனேன். எனக்கு இது நான்காவது தடவை.

மலை 327 மீட்டர்தான், டிக்கெட் கிடையாது. ஸ்ட்ராண்ட்ஹில் ஊர்ப் பக்கம் மரப்படிகள் அதிகம் என்பதால் எதிர்ப்பக்கத்துச் சரளைப் பாதையில் போனோம். அங்கங்கே நின்று ஏறியதில் ஒரு மணி நேரம் ஆனது. கடல்காற்றில் குடை நிற்காது, மழைக்கோட்டு அவசியம். மேலே தண்ணீர், கழிப்பறை எதுவும் இல்லை.

கிட்டே போனால்தான் அதன் பெருசு புரியும். சுமார் 55 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம், அத்தனையும் சுண்ணாம்புக்கல். ஏறக்குறைய 5,000 வருடத்துக்கு முன் மனிதர்கள் கையால் குவித்தது. உள்ளே கல்லறை அறை இருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள், இன்றுவரை யாரும் முறையாகத் தோண்டியதில்லை. ஐரிஷ் புராணக்கதைகளில் வரும் கொனாட் நாட்டு மேவ் ராணியை ஈட்டியும் கையுமாக, எதிரி நாடான அல்ஸ்டரைப் பார்த்து நிற்கவைத்துப் புதைத்தார்கள் என்பது ஊர்க்கதை. அதைச் சொன்னதும் அம்மா, "அப்போ ஷூவைக் கழற்றணுமாடி?" என்று கேட்டார். அந்தக் குளிரில் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

எனக்கு ஒரே ஒரு மனவருத்தம். மேட்டின் மேல் ஏறவேண்டாம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். நாங்கள் நின்றபோது ஒரு வழிகாட்டி தன் கூட்டத்தையே அதன் மேல் ஏற்றினார். அவர்கள் போன தடத்தில் கற்கள் பாசி தேய்ந்து வழுவழுவென்று கிடந்தன. தேங்காய் அளவுக் கல் ஒன்று கடகடவென்று உருண்டு வந்து எங்கள் முன்னால் நின்றது. அம்மா குனிந்து எடுத்து, பக்கத்துக் கல்லோடு ஒட்டினாற்போல வைத்தார். ஒவ்வொரு காலும் இப்படி ஒன்றைச் சரித்தால் மேடு என்ன ஆகும்? சுற்றி நடந்தாலே போதும், சின்னக் கல்லறைகள் சில அங்கேயே இருக்கின்றன.

முடிந்தால் கீழே வயல்வெளியில் இருக்கும் கேரோமோர் பழங்காலக் கல்லறைகளை முதலில் பார்த்துவிட்டு ஏறுங்கள். அங்கே நின்று நிமிர்ந்தால் இந்த மேடுதான் கண்ணில் படும். இங்கிருந்து குனிந்தால் அந்த வயல்வெளி, வடக்கே பென் புல்பன் மலை, மேற்கே கடல். ஐந்துக்கு ஐந்து. அடுத்த ஞாயிறும் போகலாமா என்று அம்மா கேட்டிருக்கிறார்.