கட்டைவிரலுக்காகச் செய்த பயிற்சி மரம்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

இரண்டு வண்டிகள் நேர்த் தடத்தில் மோதும் டிராக் ரேஸின் இண்டெக்ஸ் வகுப்பில் எல்லா வண்டிகளுக்கும் ஒரே குறிநேரம்தான். அதற்கும் குறைவான நேரத்தில் ஓடி முடித்தால் 'பிரேக்அவுட்' ஆகிச் சுற்றை இழக்க நேரும். அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. நடத்தும் சூப்பர் காம்ப் (8.90 விநாடி), சூப்பர் கேஸ் (9.90), சூப்பர் ஸ்ட்ரீட் (10.90) ஆகிய வகுப்புகளில் குறிநேரத்தைப் பிடிக்க, ஓட்டத்தின் நடுவே எஞ்சினின் வேகத்தைத் தானாகக் குறைக்கும் திராட்டில் ஸ்டாப் பொருத்திக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஒரு சிறிய தடத்தில் என் பழைய செவர்லே நோவாவை நான் ஓட்டுவது 11.50 வகுப்பில், அங்கே திராட்டில் ஸ்டாப், டிரான்ஸ்பிரேக் (பொத்தானை விடும்வரை கியர்பெட்டியைப் பூட்டி வண்டியை நிறுத்தி வைப்பது), டிலே பாக்ஸ் (பொத்தானை விட்ட பின் குறித்த நேரம் கழித்து வண்டியை விடுவிப்பது) எதற்கும் அனுமதி இல்லை. இடது கால் பிரேக்கை அழுத்தியிருக்க, வலது கால் எஞ்சினின் சுழற்சியை ஏற்றிப் பிடித்திருக்கும். தொடக்கக் கோட்டு விளக்குத் தூணில் மூன்றாவது மஞ்சள் விளக்கு எரிந்ததும் இடது காலை எடுத்துவிட வேண்டியதுதான்.

அந்த இடது காலைப் பழக்குவதற்காகத்தான், அனுப்பும் செலவு உட்பட 170 டாலர் கொடுத்து இந்தப் பயிற்சி மரத்தை வாங்கினேன். தொடக்கக் கோட்டில் நிற்கும் 'கிறிஸ்துமஸ் மரம்' எனப்படும் விளக்குத் தூணின் கையடக்க வடிவம் இது. முழு மரம் என்று அமைத்தால் மூன்று மஞ்சள் விளக்குகளும் அரை விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எரிந்து பச்சைக்கு வரும். புரோ மரம் என்றால் மூன்றும் ஒருசேர எரிந்து 0.4 விநாடியில் பச்சை வரும். நாம் புறப்பட்ட நேரத்தை ஆயிரத்தில் ஒரு விநாடி வரை திரையில் காட்டும்.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சென்ற கோடையில் நான் தோற்ற ஒரு சுற்றைச் சொல்கிறேன். நான் 11.51 ஓடினேன், எதிரே ஓடியவர் 11.53. வண்டி ஓடிய நேரத்தில் முந்தியது நான்தான். ஆனால் பச்சை விளக்குக்குப் பின் நான் புறப்பட 0.058 விநாடி ஆனது, அவருக்கு 0.021 மட்டுமே. கூட்டிப் பார்த்தால் அவர் 0.017 விநாடி முன்னதாகக் கோட்டைத் தொட்டுவிட்டார். மணிக்கு 115 மைல் வேகத்தில் அது மூன்றடிகூட இல்லை. டிலே பாக்ஸ் வைத்திருப்பவர் முதல் மஞ்சளிலேயே பொத்தானை விட்டுவிட்டு மிச்சத்தை எண்ணும் வேலையைப் பெட்டியிடம் ஒப்படைத்துவிடலாம்; எங்களுக்கு அந்த வசதி இல்லை.

சாதனத்தின் நல்ல அம்சம் அதன் 'ரோல்அவுட்' அமைப்பு. பிரேக்கை விட்ட கணத்திலேயே வண்டி புறப்பட்டதாகக் கணக்காகாது. முன்சக்கரம் உருண்டு தொடக்கக் கோட்டின் ஸ்டேஜ் ஒளிக்கற்றையை விட்டு விலகிய பிறகே கடிகாரம் அதைப் பதிவு செய்யும். இந்தத் தாமதம் வண்டிக்கு வண்டி, சக்கரத்துக்குச் சக்கரம் மாறும். மூன்று மாலைகளின் நேரச் சீட்டுகளை வீட்டில் எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டு, என் நோவாவுக்கு 0.28 விநாடி என்று வைத்தேன். அதன் பிறகு வீட்டு எண்ணும் தடத்து எண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. இதைச் செய்யாமல் தொழிற்சாலை அமைப்பிலேயே பயிற்சி செய்வது வீண்.

குறைகளில் பெரியது, விளக்குகள் தொடங்கும் நேரம் மாறாமல் இருப்பது. தொடக்கப் பொத்தானை அழுத்தியதிலிருந்து முதல் மஞ்சள் வரை ஒவ்வொரு முறையும் அதே இடைவெளிதான். இரண்டே வாரத்தில் என் கால் விளக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தாளத்தை எண்ணத் தொடங்கியிருந்தது. வீட்டில் தொடர்ந்து 0.010க்குள் வந்தவன், தடத்தில் அந்த வாரமே பச்சைக்கு முன்பே புறப்பட்டுச் சிவப்பு விளக்கு வாங்கினேன். இப்போது பொத்தானை என் மகளிடம் கொடுத்துவிடுகிறேன். அவளுக்குத் தோன்றும்போது அழுத்துவாள், சில சமயம் பாதியில் எழுந்தும் போய்விடுவாள். சாதனம் செய்தவர்கள் செய்யத் தவறியதை அவள் செய்கிறாள்.

விளக்குகள் சிறியவை, பகல் வெளிச்சத்தில் மங்கித் தெரிகின்றன. அதைப் பெரிய குறையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

புறப்படுவதற்கு அடையாளமாக விட வேண்டிய கட்டைவிரல் பொத்தான்தான் எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான சிக்கல். டிரான்ஸ்பிரேக் பொத்தானை விடுபவருக்கு அது சரியான பயிற்சி. காலால் பிரேக் பிடித்துப் புறப்படுபவருக்கோ விரலின் வேகம் எதையும் சொல்லித் தராது. தனியாக விற்கும் மிதி சுவிட்சையும் 40 டாலருக்கு வாங்கிப் பார்த்தேன். பாதத்தின் எடை பட்டாலே அமுங்கிவிடும் அது, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்திருக்கும் காலுக்குத் துளியும் பொருந்தவில்லை. திருப்பி அனுப்பக் கேட்டு இருமுறை எழுதியும் விற்றவரிடமிருந்து பதில் வரவில்லை.

ஆகவே டிலே பாக்ஸோடு ஓட்டுபவர்கள் தயங்காமல் வாங்கலாம். எங்கள் வகையினர், சாதனத்தின் பின்புறம் வெளிச் சுவிட்ச் மாட்டும் துளை இருக்கிறதா என்று பார்த்து, அது இருந்தால் மட்டும் வாங்குங்கள். மிதி சுவிட்சை வாங்க வேண்டாம். பழுதான மைக்ரோவேவ் அடுப்பின் கதவிலிருந்து கழற்றிய சிறு சுவிட்சை, கீல் வைத்த பலகைக்கு அடியில் கெட்டியான வால்வு ஸ்பிரிங் ஒன்றோடு பொருத்தி நானே ஒரு மிதி செய்துகொண்டேன். சாப்பாட்டு மேசைக்கு அடியில் சுவரை ஒட்டி அதைத் திருகி வைத்திருக்கிறேன். தினமும் இரவில் முப்பது முறை மிதித்து விடுகிறேன்.