பாலை மரத்தில் வாய் மடங்கிய உளி

27 வருடமாகக் கொக்குவிலில் கதவு, யன்னல் செய்கிறேன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மூன்று மாடிக் கடை இருக்கிறது. கீழே சட்டி பானை, நடுவில் மின்விசிறி, மேல் மாடி முழுக்கத் தச்சு ஆயுதங்கள். அந்தக் கடையைப் பற்றி எழுதலாமா என்று அங்கே வேலை செய்கிறவர்களைக் கேட்டேன். கடைப் பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள், ஆகவே போடவில்லை. தேடுகிறவர்களுக்கு இந்த அடையாளம் போதும்.

போன வருடம் அங்கே நாலு உளி கொண்ட செட் ஒன்று வாங்கினேன்: கால், அரை, முக்கால், ஒரு இஞ்சி. விலை 6,800 ரூபா. வேறொரு கடையில் அதே செட் 6,200. வாங்கும்போது இரும்பு அடிமட்டத்தை ஒவ்வொரு உளியின் தட்டைப் பக்கத்திலும் நிறுத்தி, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, சமமாக இருக்கிறதா என்று பார்க்க விட்டார்கள். வேறு கடைகளில் பெட்டியைத் திறக்கவே விடமாட்டார்கள்.

அப்படிப் பார்த்து வாங்கியும் முக்கால் இஞ்சி உளி காலை வாரியது. பாலை மரத்தில் கதவு நிலைக்குத் துளை அடித்துக்கொண்டிருந்தேன், மூன்றாவது துளையில் வாய் மடங்கிவிட்டது. பாலை கடுமையான மரம்தான், ஆனால் நல்ல உளி என்றால் மழுங்கும், மடங்காது. திருப்பிக் கொண்டுபோனேன். அங்கே நிற்கிற தம்பி ஒன்றும் பேசாமல் மேசை லாச்சியில் இருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்து உளியின் வாயில் ஒருதரம் இழுத்தார். நல்ல பதம் ஏறிய உருக்கில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். இதில் கடித்தது, இரும்புத் தூளும் உதிர்ந்தது. "அண்ணை, இதுக்குத் தோய்ச்சல் சரியில்லை" என்று, அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கியது போதாது என்று சொல்லிவிட்டு இன்னொன்றை எடுத்தார். அதன் வாயிலும் அரத்தை இழுத்து, வழுக்குகிறதா என்று என்னைக் கொண்டே பார்க்க வைத்துத்தான் தந்தார். பில்லைக் கேட்கவில்லை. அந்த உளி இன்றைக்கும் என் பெட்டியில் இருக்கிறது.

அந்தத் தம்பி அதே மாடியில் 14 வருடமாக நிற்கிறார். அரத்தை வைத்து உளியின் பதம் பார்க்கத் தெரிந்தவர் ஆயுதக் கடையில் நிற்கிறார் என்றால், அவரைப் போகவிடாமல் யாரோ வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஊழியர் சேமலாப நிதிக்கு இவர்களின் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, முதலாளி தன் பங்கு 12 வீதத்தையும் சேர்த்து மாதாமாதம் கட்டுகிறார். ஈடிஎஃப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் அவர் பங்கில் போகிறது. கிழமைக்கு ஒன்றரை நாள் லீவு. 1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சொல்கிறதும் அதுதான். சட்டத்தில் உள்ளதைத்தானே செய்கிறார், இதில் என்ன பெருமை என்று நீங்கள் கேட்கலாம். என் மகள் நகரத்தில் ஒரு துணிக்கடையில் எட்டு மாதம் நின்றாள். சம்பளத்தில் மாதாமாதம் 8 வீதம் பிடித்தார்கள். அவள் கணக்கில் ஒரு சதம் கூடப் போய்ச் சேரவில்லை. காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவாள், கால் இரண்டும் வீங்கியிருக்கும். அதைப் பார்த்த தகப்பன் நான். எனக்கு இது பெரிய விஷயம்தான்.

2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது என் பட்டறை மெஷின்கள் எல்லாம் சும்மா நின்றன. பழைய கைச்சீவுளியையும் கைவாளையும் தூசி தட்டி எடுத்தேன். அலகு வாங்க இந்தக் கடைக்குச் சைக்கிளில் போனால் பாதிப் பேர்தான் நின்றார்கள். பெற்றோல் இல்லாதபடியால் முதலாளி ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொல்லியிருக்கிறார், சம்பளம் முழுதாகவே கொடுத்தார் என்று பிறகுதான் அறிந்தேன். அன்றில் இருந்து ஆணி என்றாலும் அங்கேதான்.

சரி, குறையும் சொல்லவேண்டும். கைவாள் வாங்க அங்கே போகாதீர்கள். இருப்பதெல்லாம் பல்லை மட்டும் சூடேற்றிக் கடினமாக்கிய புது மாதிரி வாள்கள். அரம் போட்டுத் தீட்ட முடியாது, போட்டால் அரம்தான் கெடும். பனையில் வெளிப்பக்கம் கறுப்பு நார், இரும்பு மாதிரி. நடுவில்தான் மெதுவான சோத்தி. அதில் கூரைச் சிலாகை அரிகிறவருக்கு இந்த வாள் சீக்கிரம் மழுங்கிவிடும், பிறகு எறியவேண்டியதுதான். தீட்டக்கூடிய வாள் இரண்டையாவது கொண்டுவந்து வையுங்கள் என்று முதலாளியிடமே சொல்லிவிட்டு வந்தேன். கொப்பியில் எழுதிக்கொண்டார்.

நாலாம் நம்பர் இரும்புச் சீவுளி நல்லது, அடித்தட்டு நேராக இருக்கிறது. அதற்கு மாற்று அலகு கேட்டுப் போன சனிக்கிழமை போனேன். முடிந்துவிட்டது, இரண்டு கிழமையில் வரும் என்றார் தம்பி. எதிர்ப்பக்கக் கடையில் இருக்கிறது, அங்கே வாங்குங்கள் அண்ணை என்று அவரே சொன்னார். பழைய அலகில் இன்னும் அரை இஞ்சி உருக்கு மிச்சம் இருக்கிறது. சாணைக்கல்லில் தீட்டித் தீட்டி இரண்டு கிழமை ஓட்டிவிடுவேன்.