வேலையை விட்டு 18 வருஷம் கழிச்சு பிஎஃப் ஆபீஸ் படி ஏறின கதை

இந்த தடவை லீவு மூணு வாரம்தான், அதுல நாலு நாள் பிஎஃப்புக்கே போச்சு. ஆனா போனது நல்லதுதான்னு இப்ப தோணுது, அதான் எழுதறேன். என்னை மாதிரி நடுவுல வேலையை விட்டுட்டு வெளிநாடு போனவங்க நிறைய பேருக்கு இந்த விஷயமே தெரியல, எனக்கும் தெரியாது.

நான் சென்னையில ரெண்டு கம்பெனில வேலை பார்த்தேன். 1997 ஜூன்ல இருந்து 2000 ஜூன் வரைக்கும் ஒண்ணு, 3 வருஷம் 1 மாசம். அடுத்தது 2000 ஆகஸ்ட்ல சேர்ந்து 2007 மார்ச் வரை, 6 வருஷம் 8 மாசம். அப்புறம் கனடா. கிளம்பற அவசரத்துல ஹெச்ஆர் நீட்டின ஃபார்ம்ல கையெழுத்து போட்டேன், கொஞ்ச நாள்ல பிஎஃப் பணம் பேங்க்ல விழுந்துச்சு, சரி அவ்ளோதான் முடிஞ்சுதுன்னு 18 வருஷம் நிம்மதியா இருந்துட்டேன்.

போன வருஷம் பழைய ஆபீஸ் நண்பன் ஒருத்தன் பேச்சுவாக்குல கேட்டான், "நீ 10சி போட்டியாடா?"ன்னு. அது என்னன்னே எனக்கு தெரியல. அப்புறம்தான் புரிஞ்சுது, நான் கையெழுத்து போட்டது ஃபார்ம் 19 மட்டும், அது பிஎஃப் பணத்துக்கு. பென்ஷனுக்கு ஃபார்ம் 10சின்னு தனியா ஒண்ணு இருக்கு, அதை நான் போடவே இல்ல. மறதியில விட்டதுதான் கடைசில என்னைக் காப்பாத்துச்சு, அது பின்னாடி சொல்றேன்.

முதல்ல இதை புரிஞ்சுக்கணும். நம்ம சம்பளத்துல பிடிக்கற 12 சதவீதம் முழுசும் பிஎஃப்புக்கு போகுது. கம்பெனி போடற 12 சதவீதத்துல 8.33 சதவீதம் பென்ஷன் திட்டத்துக்கு போகுது, மிச்சம் 3.67தான் பிஎஃப். இது 1995 நவம்பர் 16ல ஆரம்பிச்ச திட்டம், இபிஎஸ் 95ன்னு சொல்வாங்க. அந்த 8.33ம் முழு சம்பளத்துக்கு இல்ல, ஒரு உச்சவரம்பு வரைக்கும்தான். 2001 ஜூனுக்கு முன்னாடி 5,000 ரூபா, அப்புறம் 6,500, 2014 செப்டம்பர்ல இருந்து 15,000. அதாவது என் சம்பளம் எவ்ளோ ஏறினாலும் கடைசி வரைக்கும் அதிகபட்சம் மாசம் 541 ரூபாதான் பென்ஷனுக்கு போயிருக்கு. இந்த 541ஐ 18 வருஷ வட்டியோட பெருக்கி ஒரு எக்செல் வேற போட்டு வெச்சிருந்தேன், கவுன்டர்ல அந்தம்மா பார்த்துட்டு சிரிச்சுட்டாங்க. பென்ஷன் பங்குக்கு நம்ம கணக்குல வட்டியே ஏறாது சார், இங்க பணத்தைப் பார்க்கறது இல்ல, சர்வீஸ் எத்தனை வருஷம்னுதான் பார்ப்போம்னு சொன்னாங்க.

சர்வீஸ்ல எல்லாம் நிக்கறது 10 வருஷத்துலதான். 10 வருஷம் இருந்தா மாசா மாசம் பென்ஷன், இல்லைன்னா ஒரு தடவை மொத்தமா ஒரு தொகை வாங்கிட்டு கிளம்பலாம், வேண்டாம்னா ஸ்கீம் சர்டிஃபிகேட், அதாவது நம்ம சர்வீஸைப் பதிவு பண்ணித் தர்ற தாள், வாங்கி வெச்சுக்கலாம், மறுபடி இந்தியாவுல வேலைக்கு சேர்ந்தா பழைய சர்வீஸ் அதோட சேரும். கனடாவுல சிபிபிக்கு (அந்த ஊர் அரசு பென்ஷன் திட்டம்) ஒரே ஒரு கான்ட்ரிப்யூஷன் செல்லுபடியா இருந்தாலே ஏதோ கொஞ்சம் கிடைக்கும், 60லயே எடுத்துக்கலாம், ஆனா 65க்கு முன்னாடி எடுக்கற ஒவ்வொரு மாசத்துக்கும் 0.6 சதவீதம் வெட்டு. அதே நினைப்புல போனேன், இங்க கதை வேற.

முதல் நாள் என் பழைய பிஎஃப் நம்பரைத் தட்டிப் பார்த்துட்டு "6 வருஷம் 8 மாசம், 7ன்னு எடுத்துப்போம், மொத்தமா வாங்கிக்குங்க"ன்னாங்க. ஏழு வருஷத்துக்கு அட்டவணைப்படி சம்பளத்தோட ஏழு மடங்குக்குக் கொஞ்சம் மேல வரும், என் 6,500க்கு சுமார் 46,000. உடனே சரின்னு சொல்ல வாய் திறந்துட்டேன். பக்கத்துல ஒரு பெரியவர், அவரோட டோக்கனுக்கு காத்திருந்தவர், "தம்பி அதுக்கு முன்னாடி எங்கேயும் வேலை பார்க்கலயா"ன்னு கேட்டார். அவர் கேட்டிருக்கலைன்னா அன்னைக்கே கதை முடிஞ்சிருக்கும்.

"பார்த்தேன் சார், 3 வருஷம் 1 மாசம், அந்த பிஎஃப்பை ஃபார்ம் 13 போட்டு ரெண்டாவது கம்பெனிக்கு மாத்தினேனே"ன்னேன். கணக்குல பணம் வந்திருக்கு, ஆனா சர்வீஸ் விவரம் வரவே இல்ல. அனெக்ஸர் கேன்னு ஒரு தாள் கூடவே வரணுமாம், அதுலதான் முந்தின இடத்துல எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும்னு இருக்கும். முதல் கம்பெனி இப்ப இல்லவே இல்ல, மூடி எத்தனையோ வருஷமாச்சு. யாரைக் கேக்கறது.

ரெண்டு நாள் அக்கா வீட்டு பரண்ல இருந்த டிரங்கு பெட்டியைக் குடைஞ்சேன். 2001-02க்கான பிஎஃப் ஸ்லிப் கிடைச்சுது, வருஷா வருஷம் கம்பெனில குடுப்பாங்களே மெல்லிசா ஒரு தாள், அதுல பழைய கணக்குல இருந்து மாறி வந்த தொகை தனியா இருந்துச்சு. கூடவே முதல் கம்பெனியோட ரிலீவிங் லெட்டர். இதெல்லாம் குப்பைன்னு நான் தூக்கிப் போடச் சொன்னதை அக்கா தூக்கிப் போடல. (அக்கா இதைப் படிச்சா, நீ சொன்னது சரி.)

மறுபடி போனப்போ வேற ஒருத்தர் உக்காந்திருந்தார், முதல்ல இருந்து கதை சொன்னேன். "சார் நீங்க வேற செக்‌ஷன்", அங்க போனா "சார் இன்னைக்கு லீவு". ஒவ்வொரு மாசமும் 27ஆம் தேதி நிதி ஆப்கே நிகட்னு மாவட்டம் தோறும் குறை கேக்கற முகாம் நடத்தறாங்க, அங்க போங்கன்னு வாசல்ல இருந்த செக்யூரிட்டி சொன்னார், ஆபீசர் யாரும் சொல்லல. அங்கதான் வேலை நடந்துச்சு, உக்காந்து பொறுமையா ரெண்டு தாளையும் பார்த்துட்டு பழைய ரெஜிஸ்டரோட ஒப்பிட்டு பார்க்கச் சொல்லி எழுதிக் குடுத்தாங்க.

ரெண்டையும் கூட்டினா 9 வருஷம் 9 மாசம். பத்து இல்லையேன்னு மூஞ்சி தொங்கிப் போச்சு. அதுக்கு முகாம்ல இருந்த மேடம், ஆறு மாசமோ அதுக்கு மேலயோ இருந்தா முழு வருஷமா எடுப்போம் சார், ஒன்பதரை இருந்தாலே பத்துதான்னு சொன்னாங்க. சந்தோஷப்படறதுக்குள்ள அடுத்த கேள்வி, சம்பளம் இல்லாத லீவு ஏதாவது போட்டீங்களா? 2004ல அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்போ ரெண்டு மாசம் எல்ஓபில இருந்தேன், அந்த ரெண்டு மாசமும் பங்கு கட்டாத நாளா கழியும். 9 வருஷம் 7 மாசம். ஒரு மாசம் வித்தியாசத்துல தப்பிச்சேன். நாலு மாசம் லீவு போட்டிருந்தா பென்ஷனே கிடையாது, கையில ஒரு தொகையோட அனுப்பியிருப்பாங்க.

இப்ப கணக்கு. சம்பளம் பெருக்கல் சர்வீஸ், வகுத்தல் 70. 6,500 x 10 / 70, மாசம் 929 ரூபா. சிரிக்காதீங்க. 2014 செப்டம்பர்ல இருந்து குறைஞ்சபட்சம் 1,000 ரூபான்னு வெச்சிருக்காங்க, அதனால 58 வயசுல எடுத்தா 1,000. 50 வயசுல இருந்தே எடுக்கலாம், ஆனா 58க்கு எத்தனை வருஷம் முன்னாடியோ அத்தனைக்கும் 4 சதவீதம் குறையும். எனக்கு இப்ப 55, எடுத்தா 12 சதவீதம் போயிரும், அது ஆயுசுக்கும் குறைஞ்சதுதான். நான் காத்திருக்கப் போறேன். எனக்கப்புறம் வீட்டுக்காரிக்கு விதவை பென்ஷன் போகும், நான் 58க்கு முன்னாடியே போய்ட்டாக்கூட பத்து வருஷ சர்வீஸ் இருக்கறதால அவங்க கேக்கலாம், 25 வயசுக்குள்ள பசங்க இருந்தா அவங்களுக்கும் பங்கு. 46,000ஐ வாங்கியிருந்தா இதெல்லாம் போயிருக்கும்.

என்னோட சேர்ந்து வேலையை விட்ட ஒருத்தன் இதே மாதிரி ரெண்டு கம்பெனி சர்வீஸ் வெச்சிருந்தான், அவன் 2007லயே 10சி போட்டு பணமா வாங்கிட்டான். அந்த சர்வீஸ் அதோட அழிஞ்சுது, இப்ப எதுவும் கேக்க முடியாது. நான் சோம்பேறியா இருந்ததால பொழைச்சேன்.

அப்புறம் நடைமுறை. 10சிலயே ஸ்கீம் சர்டிஃபிகேட் வேணும்னு குறிக்கணும், பணம்னு டிக் பண்ணிடாதீங்க. குடும்ப விவரம், பசங்க பிறந்த தேதி எல்லாம் அதுல ஏறும், பேர் எழுத்து ஆதார்ல எப்படியோ அப்படியே இருக்கணும், என் பேர்ல ஒரு எழுத்து வித்தியாசம், அதுக்கு ஜாயின்ட் டிக்ளரேஷன்னு, நானும் கம்பெனியும் சேர்ந்து குடுக்கற திருத்த மனு, இன்னொரு அலைச்சல், நல்லவேளை ரெண்டாவது கம்பெனி ஹெச்ஆர் போன்லயே ஒத்துக்கிட்டாங்க. ஆதார் இல்லாதவங்க, இந்திய பாஸ்போர்ட் வெச்சிருந்தா 182 நாள் இங்க தங்க வேண்டியதில்ல, வந்த உடனே எடுத்துக்கலாம். ஓடிபிக்கு இந்திய சிம் வேணும், அதை ரீசார்ஜ் பண்ணாம விட்டு நம்பர் போச்சுன்னா பெரிய தலைவலி.

58 ஆனதும் பென்ஷன் கேட்டு ஃபார்ம் 10டி போடணும். 2025 ஜனவரில இருந்து இந்தியாவுல எந்த பேங்க், எந்த பிராஞ்ச்ல வேணா பென்ஷன் வாங்கலாம்னு மாத்திட்டாங்க, அது பெரிய உபகாரம். வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோட இருக்கேன்னு ஜீவன் பிரமாண் குடுக்கணும்.

கிளம்பற அன்னைக்கு வரைக்கும் சர்டிஃபிகேட் கைக்கு வரல. ஏர்போர்ட்ல இருந்து வந்து பதினொரு நாள் கழிச்சு அக்கா வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினா. சர்வீஸ் காலம் சரியா இருக்கு, பிறந்த தேதி சரியா இருக்கு. ரெண்டாவது பொண்ணு பேர்ல ஒரு எழுத்து தப்பு. அடுத்த லீவுல 27ஆம் தேதி வர்ற மாதிரி டிக்கெட் போடணும்.